பணக்காரச் சண்டியனை எழுதுவதும் எடுப்பதும்: திருகோணமலைப் பள்ளிக்கூட நாடகம் ஒன்றுக்கான குறிப்புகள்

பள்ளிக்கூடத்தை வைத்து எடுக்கும் தொலைக்காட்சி நாடகம் என்றால் பணக்காரச் சண்டியன் முதற் காட்சியிலேயே வந்துவிடுகிறான். கார் வந்து நிற்கும், கதவு திறக்கும், பளபளக்கும் சப்பாத்து நிலத்தில் படும், பின்னால் மூன்று பேர் சிரித்தபடி இறங்குவார்கள். வாசலில் நிற்கும் ஏழைப் பொடியனின் சேட்டுக் கொலரை எட்டிப் பிடிப்பான். இசை இடி இடிக்கும். அந்தப் பாத்திரத்தின் மேல் இருந்த பயம் அத்தோடு தீர்ந்துவிடும். முதல் நாளே கை வைத்துவிட்டவன் அடுத்ததாக என்ன செய்வான்? இன்னும் கொஞ்சம் பலமாக அடிப்பான். பத்து அத்தியாயத்துக்கு அந்த ஒரு கை தாங்காது.

அவன் ஒருவனைச் சீண்டும்போது வகுப்பில் இருக்கும் மற்ற முப்பத்தைந்து பேரும் ஏன் வாய் திறக்கவில்லை? நாடகத்தின் இறுக்கம் முழுவதும் இந்தக் கேள்விக்குள்தான் இருக்கிறது. அவர்களில் பாதிப் பேரின் வீடுகள் அவன் வீட்டுக்கு ஏதோ ஒரு வகையில் கடமைப்பட்டிருக்கின்றன. யார் வீடு, எதற்காக, எவ்வளவு என்பது எழுதுபவருக்குத் தெரிந்திருந்தால் சண்டியன் குரல் உயர்த்தவே தேவையில்லை. அதனால் வசனம் எழுத உட்காரும் முன் ஒரு கடன் கணக்கு எழுத வேண்டும்.

கடன் கணக்கு

ஒரு முழுத்தாளில் இரண்டு பத்தி போடுங்கள். இடப்பக்கம் நாடகத்தில் வரும் ஒவ்வொருவரும்: வகுப்பு மாணவர், வகுப்பாசிரியர், அதிபர், கன்ரீன்காரர், வாசற் காவலாளி, வான் சாரதி. வலப்பக்கம், சண்டியனின் குடும்பத்திடம் அவர்கள் எதைப் பெற்றார்கள், எதை இழக்கப் பயப்படுகிறார்கள் என்பது. "பணக்காரர் என்பதால் பயம்" என்று எழுதினால் அந்த வரி செத்த வரி. "தங்கச்சி உப்புவெளியில் அவர்களுடைய ஹோட்டலில் வரவேற்பு மேசையில் வேலை, இன்னும் நிரந்தரமாகவில்லை" என்று எழுதினால் அந்த ஆசிரியை ஏன் தலையைக் குனிந்து கொப்பி திருத்துகிறார் என்பது விளங்கிவிடும். அவருக்கு வசனமே வேண்டாம்.

திருகோணமலையில் இந்தக் கணக்கை எழுதக் கற்பனை அதிகம் தேவையில்லை. கடற்தொழிலை எடுத்துக்கொள்ளுங்கள். திருக்கடலூரிலோ சாம்பல்தீவுப் பக்கமோ ஒரு சிறிய வள்ளம் கடலுக்குப் போக மண்ணெண்ணெய் வேண்டும், ஐஸ் வேண்டும், வலை தைக்கக் காசு வேண்டும். கையில் இல்லாதபோது சம்மாட்டி, அதாவது வள்ளமும் வலையும் வைத்துத் தொழில் நடத்தும் முதலாளி, முற்பணம் கொடுப்பார். வாங்கியவர் பிடித்த மீனைச் சம்மாட்டியின் வாடியிலேயே (கரையில் இருக்கும் மீன் கொட்டிலிலேயே), அவர் சொல்லும் விலைக்குப் போட வேண்டும். கடன் முடியும்வரை வேறு வியாபாரிக்குக் கொடுக்க முடியாது. இதில் வட்டி என்று ஒரு சொல்லும் இருக்காது, கையெழுத்தும் இருக்காது. ஒரு நாள் ஐஸ் நிறுத்தப்பட்டால் ஒன்றில் வள்ளம் கரையில் கிடக்கும், அல்லது மீன் பழுதாகி வரும். இவ்வளவையும் ஒரு பதினைந்து வயதுப் பொடியன் தெரிந்துவைத்திருந்து, அதே ஐஸில் தங்கியிருக்கும் வீட்டுப் பிள்ளையோடு ஒரே வாங்கில் இருந்தால் அங்கே நாடகம் தொடங்கிவிட்டது.

பெயர் வைத்துச் சொன்னால் இலகு. சம்மாட்டியின் மகன் கவின், வள்ளக்காரரின் மகன் ரூபன், இரண்டு பேரும் தரம் 10. இடைவேளையில் கவின் பக்கத்தில் வந்து இருந்து, மிகச் சாதாரணமாகக் கேட்கிறான்:

"உங்கட அப்பா இண்டைக்கும் ஐஸ் எடுத்தவரா?"

முழு நாடகத்துக்கும் இந்த ஒரு வரி போதும். கேட்டுக்கொண்டு போகும் ஆசிரியருக்கு இது சுகம் விசாரிப்பது போலத்தான் இருக்கும். அதிபரிடம் போய் முறையிட முடியாது. "என்னடா சொன்னவன்?" என்று கேட்டால், "அப்பா ஐஸ் எடுத்தவரா என்று கேட்டவன் சேர்" என்றுதான் சொல்ல வேண்டிவரும். முறைப்பாடாக எழுத முடியாத மிரட்டலைக் கண்டுபிடிப்பதே இந்தப் பாத்திரத்தை எழுதுபவரின் பெரிய வேலை. கெட்ட வார்த்தையும் அடியும் முறைப்பாட்டுப் புத்தகத்தில் ஏறிவிடும். இது ஏறாது.

அந்த வரியை மூன்று முறைக்கு மேல் பயன்படுத்த வேண்டாம். முதல் அத்தியாயத்தில் கேட்கும்போது பார்ப்பவருக்கும் அர்த்தம் தெரியக் கூடாது. ரூபனின் முகம் மாறுவது மட்டும் தெரியட்டும். இரண்டாம் அத்தியாயத்தில் விடியப்புறம் வாடியில் அப்பா ஐஸுக்காகக் காத்து நிற்பதைக் காட்டுங்கள். அதன் பிறகு மூன்றாம் அத்தியாயத்தில் அதே கேள்வி ஆசிரியர் முன்னிலையில் வரட்டும். இப்போது பார்ப்பவருக்கு எல்லாம் தெரியும், ஆசிரியருக்கு ஒன்றும் தெரியாது. இறுக்கம் பிறப்பது இந்த இடைவெளியில். மூன்றாவது முறை கவின் வாயைத் திறக்கவே கூடாது. ரூபன் ஏதோ எதிர்த்துப் பேச எழும்புகிறான், கவின் சும்மா பார்க்கிறான், ரூபன் இருந்துவிடுகிறான். பார்ப்பவர் மனதில் கேள்வி தானாகக் கேட்கும்.

கதை நடக்கும் மாதத்தையும் இந்தக் கணக்குத்தான் தீர்மானிக்க வேண்டும். கிழக்குக் கரையில் வாடைக் காலத்தில், கார்த்திகையிலிருந்து தை வரை, கடல் கொந்தளிப்பு. சிறு வள்ளங்கள் பல நாள் இறங்காது. உழைப்பு இல்லாத மாதங்களில் கடன் ஏறும். பள்ளிக்கூடத்தின் முதலாம் தவணை வழமையாகத் தையில் தொடங்கும். புதுக் கொப்பி, ரியூசன் காசு, இல்ல விளையாட்டுப் போட்டிக்கான ரீசேட் என்று செலவு குவிவதும் அப்போதுதான். ஏழை வீட்டில் கடன் உச்சத்தில் நிற்கும்போது பள்ளிக்கூடம் காசு கேட்கிறது. கதையை ஆவணியில் தொடங்கினால் இந்த நெருக்குதல் கிடைக்காது. அப்போது கடல் அமைதி, கையில் கொஞ்சம் காசு புழங்கும்.

பள்ளிக்கூடத்துக்குள்ளும் இதே முறைதான். பாடசாலை அபிவிருத்திச் சங்கத்துக்கு அதிபர்தான் தலைவர். ஆனால் கூரைத் தகடு மாற்றவும் தண்ணீர்த் தாங்கி வைக்கவும் வெளியே கை நீட்ட வேண்டியவரும் அவரே. சண்டியனின் தகப்பன் அந்தத் தாங்கியை வாங்கிக் கொடுத்தவராக இருக்கட்டும். அதிபரைக் கெட்டவராக எழுதாதீர்கள். நூற்றுக்கணக்கான பிள்ளைகளுக்குத் தண்ணீர் கிடைத்தது உண்மை, அதற்காக அவர் நன்றியோடு இருப்பதும் உண்மை. நல்ல மனிதர் ஒருவர் நல்ல காரணத்துக்காகப் பெற்ற உதவி, ஒரு பிள்ளையின் விஷயத்தில் அவர் வாயைக் கட்டுகிறது. வாங்கித் தின்னும் அதிபரைக் காட்டுவதைவிட இது பல மடங்கு கனமானது.

சுற்றி நிற்பவர்கள்

நோர்வேயில் பணியாற்றிய உளவியலாளர் டான் ஒல்வேயஸ் 1970களில் இருந்தே பள்ளிக்கூடச் சீண்டலை ஆய்வு செய்தவர். வேண்டுமென்றே செய்வது, திரும்பத் திரும்பச் செய்வது, இரு பக்கத்துக்கும் பலம் சமமாக இல்லாதிருப்பது ஆகிய மூன்றும் சேர்ந்தால்தான் அது சீண்டல் என்றார். கதை எழுதுபவருக்கு இதில் இரண்டாவது முக்கியம். ஒரே ஒரு பெரிய சண்டைக் காட்சி எழுதினால் அது சண்டை மட்டுமே. சின்னச் சின்னதாக ஒவ்வொரு அத்தியாயத்திலும் ஒன்று, அதுவும் ஒரே இடத்தில், ஒரே நேரத்தில் வந்தால்தான் பார்ப்பவருக்கு மணி அடிக்கும்போதே வயிற்றைப் பிசையும்.

பின்லாந்தின் கிறிஸ்டினா சல்மிவல்லியும் சக ஆய்வாளர்களும் 1996இல் வகுப்பில் இருக்கும் மற்றவர்களைப் பிரித்துக் காட்டினார்கள். கூடச் சேர்ந்து செய்பவர், சிரித்து உசுப்பேற்றுபவர், ஒதுங்கிக்கொள்பவர், பாதிக்கப்பட்டவருக்காக நிற்பவர் என்று. துணைப் பாத்திரங்களுக்கு ஆள் போடும்போது இந்தப் பிரிவு அப்படியே உதவும். பொதுவாகச் சண்டியனுக்குப் பின்னால் மூன்று பேரை நிறுத்தி மூன்று பேரையும் ஒரே மாதிரிச் சிரிக்க வைக்கிறார்கள். ஒருவன் மட்டும் கூடச் செய்பவனாக இருக்கட்டும். இன்னொருவன் கை வைக்க மாட்டான், சிரிப்பான். மூன்றாமவன் கவினுடைய வானில் ரியூசனுக்குப் போகிறவன், அந்த இடத்தை இழக்க விரும்பாதவன், சிரிக்க வேண்டிய நேரத்தில் சப்பாத்து லேஸ் கட்டுபவன். நாடகத்தின் திருப்பம் எப்போதும் இந்த மூன்றாமவனிடம்தான் இருக்க வேண்டும். பார்ப்பவர்களில் பெரும்பாலோர் பள்ளிக்காலத்தில் அவனாக இருந்தவர்கள்.

கனடாவின் ரொறன்ரோவில் பள்ளி விளையாட்டு மைதானங்களைப் படம்பிடித்து ஆராய்ந்த ஓர் ஆய்வு 2001இல் வெளிவந்தது. சீண்டல் நடந்த தடவைகளில் 88 சதவீதத்தில் மற்றப் பிள்ளைகள் அருகில் இருந்திருக்கிறார்கள். 19 சதவீதத்தில் மட்டுமே யாராவது தலையிட்டிருக்கிறார்கள். அப்படித் தலையிட்டவற்றில் பாதிக்கு மேல், 57 சதவீதத்தில், சீண்டல் பத்து விநாடிக்குள் நின்றுவிட்டது. இந்தப் பத்து விநாடியை இயக்குநர் மனதில் வைத்திருக்க வேண்டும். கதாநாயகன் பாய்ந்து வந்து பத்துப் பேரை அடிக்கத் தேவையில்லை. லேஸ் கட்டுபவன் எழும்பி வந்து, "வா மச்சான், மணி அடிச்சிட்டுது" என்று ரூபனின் தோளைத் தொட்டால் போதும். அவ்வளவு சின்னச் செயலுக்கு ஏழு அத்தியாயம் எடுத்தது என்பதே அந்தக் காட்சியின் கனம்.

எங்கள் ஊருக்கென்று ஒன்று சொல்லியாக வேண்டும். திருகோணமலையில் தமிழரும் முஸ்லிம்களும் சிங்களவரும் வாழ்கிறார்கள். சண்டியனை ஒரு சமூகத்திலும் சீண்டப்படுபவனை இன்னொரு சமூகத்திலும் வைத்துவிட்டால், நீங்கள் காசைப் பற்றி எழுதியதாக யாரும் நினைக்க மாட்டார்கள். நாடகம் முதல் நாளே வேறொன்றாக வாசிக்கப்படும், பிறகு எந்தக் காட்சியாலும் அதைத் திருப்ப முடியாது. இரு வீடும் ஒரே கோயிலுக்கோ ஒரே பள்ளிவாசலுக்கோ போகிறவையாக இருக்கட்டும். திருவிழாவில் ஒரே வரிசையில் நிற்க வேண்டிய கட்டாயம் உங்களுக்கு இன்னுமொரு நல்ல காட்சியைத் தரும். நிறத்திலும் இதே கவனம் தேவை. வெள்ளைத் தோல் பணக்காரன், கறுத்தத் தோல் ஏழை என்று ஆள் தேர்வது தமிழ்த் தொடர்களில் ஊறிப்போன கெட்ட பழக்கம். அதை மாற்றிப் போடுங்கள்.

சீருடைக்குள் பணம் எங்கே தெரியும்

இலங்கையில் 1980 முதல் பாடநூலும் 1993 முதல் சீருடைத் துணியும் அரசாங்கம் இலவசமாகக் கொடுத்து வருகிறது. அரசப் பள்ளிக்கூடத்தில் எல்லாரும் வெள்ளை. அதனால் காசைக் காட்டக் காரும் கண்ணாடியும் தேடாமல் சின்னப் பொருட்களுக்குப் போங்கள். தையற்காரரிடம் அளவெடுத்துத் தைத்த சேட்டின் தோள் மடிப்பு தோளில் சரியாக விழும். அண்ணனுடையதைப் போட்டவனுக்கு அது மேற்கையில் தொங்கும். சப்பாத்தின் அடி ஒருபக்கம் தேய்ந்திருக்கும். தண்ணீர்ப் போத்தல், கணித உபகரணப் பெட்டி, கொப்பிக்கு உறை போட்டிருக்கும் தாள். ஒருவன் புது உறைத்தாள் போட்டிருப்பான், ஒருவன் பழைய கலண்டர்த் தாளைத் திருப்பிப் போட்டிருப்பான். இவற்றில் இரண்டை மட்டும் தெரிந்தெடுத்து நாடகம் முழுவதும் விடாமல் வைத்திருந்தால் போதும். எல்லாவற்றையும் ஒன்றாக அடுக்கினால் கடைச் சாமான் போலத் தெரியும்.

சீண்டல் நடக்கும் இடத்தையும் யோசித்துத் தெரியுங்கள். பள்ளிக்கூட நேரம் காலை 7.30 முதல் பிற்பகல் 1.30 வரை. அதற்குள் ஆசிரியர், மாணவத் தலைவர், காவலாளி என்று பல கண்கள் உண்டு. ரியூசன் நேரம் அப்படியில்லை. இரண்டு மணிக்கும் ஆறு மணிக்கும் இடையில், சைக்கிள்கள் சாய்த்து வைத்திருக்கும் ஒழுங்கையில், எந்த அதிபருக்கும் அதிகாரம் கிடையாது. ரியூசன் ஆசிரியருக்கு மாணவர் எண்ணிக்கைதான் வருமானம். பெரிய வீட்டுப் பிள்ளையை வெளியே போ என்று சொல்வது அவருக்கு இலகுவல்ல. சீண்டலின் கடுமையான கட்டங்களை அந்த ஒழுங்கைக்கு மாற்றினால் "ஆசிரியர் எங்கே போனார்?" என்ற கேள்வி எழாது.

கோணேசர் கோயிலையும் சுவாமிமலையையும் மான்களையும் எப்படியாவது காட்டிவிட வேண்டும் என்ற ஆசை எல்லாருக்கும் வரும். அவை இருக்கும் பிரெட்றிக் கோட்டைக்குள் இராணுவம் இருக்கிறது, அனுமதி முன்கூட்டியே எடுக்க வேண்டும், கேட்ட நாளில் கிடைக்கும் என்றும் இல்லை. கதை அங்கே போகாவிட்டால் கமராவும் போகத் தேவையில்லை.

பேச்சு இன்னொரு சிக்கல். இந்தியத் தொடர்களைப் பார்த்து வளர்ந்த பிள்ளைகள் கமரா ஓடத் தொடங்கியதும் "என்ன பண்றே" என்று மாறிவிடுவார்கள். வசனத்தாளை மனப்பாடம் செய்ய விட்டால் இது கட்டாயம் நடக்கும். காட்சியின் சூழலைச் சொல்லி, அவர்கள் வாயால் ஒருமுறை பேச வைத்து, போனில் ஒலிப்பதிவு செய்து, அதைக் கேட்டே வசனத்தைத் திரும்ப எழுதுங்கள். கவினுக்கு ஒரு வரியில் ஆறேழு சொல்லுக்கு மேல் வேண்டாம். அதிகம் பேசுபவன் விளக்கம் சொல்பவன் ஆகிவிடுவான், விளக்கம் சொல்பவனுக்கு யாரும் பயப்படுவதில்லை.

கமரா, வெயில், வெள்ளைச் சேட்

முப்பது வெள்ளைச் சேட்டை ஒரு வகுப்பறையில் எடுப்பது பலரைக் கவிழ்த்த வேலை. தானியங்கி நிலையில் விட்டால் கமரா வெள்ளையைப் பார்த்து முழுப் படத்தையும் இருட்டாக்கும், முகங்கள் கறுத்துப்போகும். முகத்துக்கு ஒளி வைத்தால் சேட்டுகள் வெடித்து, மடிப்பே தெரியாமல் வெள்ளைத் தகடு போல நிற்கும். வெளிச்ச அளவைக் கையால் பூட்டுங்கள். வெளிச்சம் கூடிய இடங்களில் கோடு போட்டுக் காட்டும் வரிக்கோட்டு எச்சரிக்கை (ஸீப்ரா) இருக்கும் கமராவில் சேட் 85 சதவீதத்தைத் தாண்டாமல் வைத்து, முகத்துக்கு ரெஜிபோம் பலகையால் ஒளியைத் திருப்பி அடியுங்கள். நாலடிக்கு இரண்டடிப் பலகை ஒன்று, யன்னலுக்கு எதிர்ப்பக்கம், முகத்திலிருந்து ஐந்தாறு அடியில். முதல் செய்ய வேண்டியது இதுதான், விலையும் குறைவு.

அதைவிட நல்லது சேட்டையே சாயம் தோய்ப்பது. ஐந்து லீற்றர் கொதிநீரில் மூன்று மேசைக்கரண்டி தேயிலைத்தூளைப் போட்டு வடித்து, ஆறவிட்டு, சேட்டைப் பத்து நிமிடம் ஊறவைத்து அலசினால் கண்ணுக்கு வெள்ளையாகவே தெரியும், கமராவில் வெடிக்காது. பருத்தி பிடிக்கும். பொலியெஸ்ரர் கலந்த துணி சரியாகப் பிடிக்காது, திட்டுத் திட்டாக வரும். ஆகவே முதலில் ஒரு துண்டில் பார்த்துவிட்டு இறங்குங்கள். இதையே கதைக்கும் பயன்படுத்தலாம். மற்ற எல்லாருக்கும் தேயிலைத் தண்ணீர், கவினுக்கு மட்டும் நீலம் போட்ட பளிச்சென்ற வெள்ளை. ஒரு சொல்லும் பேசாமல் வகுப்பில் கண் அவனிடம் போகும்.

குழல் விளக்கு உள்ள அறையில் படம் முழுக்கக் கறுப்புப் பட்டி ஓடினால், காரணம் பெரும்பாலும் ஷட்டர் வேகம், அதாவது ஒவ்வொரு பிரேமுக்கும் ஒளி விழும் நேரம். இலங்கை மின்சாரம் 50 ஹேர்ட்ஸ். போன் கமராக்கள் தானாக விநாடிக்கு 30 பிரேமில், அறுபதில் ஒரு பங்கு விநாடி ஷட்டரில் எடுக்கப் பார்க்கும், அது விளக்கோடு ஒத்துப்போகாது. 25 பிரேம், ஐம்பதில் ஒரு பங்கு என்று பூட்டிவிடுங்கள். வெளியே வெயிலுக்குள் அதே ஷட்டரை வைத்திருக்க வேண்டுமானால் ஒளி குறைக்கும் என்டி கண்ணாடி தேவைப்படும். பதினொரு மணியிலிருந்து இரண்டு மணிவரை மைதானத்தில் எடுக்க வேண்டாம். உச்சி வெயிலில் கண்குழி இருண்டு, பயப்படும் முகமும் கோபப்படும் முகமும் ஒன்றாகத் தெரியும். அந்த நேரத்தை விறாந்தைக் காட்சிகளுக்கு ஒதுக்குங்கள்.

ஆட்களை நிறுத்தும் முறையில் ஒரு சின்ன விதி: பலம் உள்ளவன் அசையாமல் இருப்பான், மற்றவர்கள் அவனைச் சுற்றி அசைவார்கள். கவினை வாங்கில் இருத்துங்கள், ரூபன் நிற்கட்டும். நின்றுகொண்டு கீழே பார்ப்பவன்தான் பலசாலி என்று நினைப்பது வழக்கம். ஆனால் வகுப்பில் எல்லாரும் எழுந்து நிற்கும்போது ஒருவன் மட்டும் எழும்பாமல் இருந்தால் அந்த அறை யாருடையது என்று தெரிந்துவிடும். ரூபனை எடுக்கும்போது அகலமான வில்லையோடு கிட்டப் போங்கள், பின்னால் நிற்பவர்களும் படச் சட்டத்துக்குள் வருவார்கள். கவினைத் தூரத்திலிருந்து நீள வில்லையில் எடுங்கள், பின்னணி மங்கி அவன் மட்டும் தனியே தெரிவான். இதை நாடகம் முழுவதும் காப்பாற்றி, மூன்றாமவன் எழும்பும் காட்சியில் மட்டும் மாற்றிப் போடலாம்.

ஒலியில்தான் பெரும்பாலான உள்ளூர்ப் படைப்புகள் விழுகின்றன. மே முதல் ஆகஸ்ட் வரை கச்சான் காற்று மைக்கைத் தின்றுவிடும். மயிருறை போடாத மைக்கை வெளியே எடுக்கவே கூடாது. வகுப்பறை மின்விசிறியை ஒவ்வொரு ரேக்குக்கும் நிறுத்தி, இடையில் போடுங்கள், இல்லாவிட்டால் பிள்ளைகள் வேர்த்துக் களைத்துவிடுவார்கள். நீளத் தடியில் பிடிக்கும் பூம் மைக் வாயிலிருந்து முப்பது முதல் ஐம்பது சென்ரிமீற்றருக்குள் இருக்க வேண்டும், தலைக்கு மேலிருந்து. சேட்டுக்குள் மறைக்கும் மைக்கை வெள்ளை நாடாவால் ஒட்டினால் வெளியே தெரியும். தோல் நிற நாடா தெரியாது. பாங்கு நேரங்களையும் கோயில் மணி நேரங்களையும் நாட்குறிப்பில் முன்கூட்டியே எழுதி, வசனம் இல்லாத ஷொட்டுகளை அங்கே போடுங்கள். ஒவ்வொரு அறையிலும் யாரும் பேசாமல் ஒரு நிமிட வெற்றொலி பதிவு செய்யாமல் சாமானைக் கட்ட வேண்டாம். இந்த நாடகத்தில் மௌனம்தான் அதிகம், மௌனத்துக்கும் ஓர் ஒலி வேண்டும்.

பிள்ளைகளோடு வேலை

அதிபரின் அனுமதி மட்டும் போதும் என்று இறங்கினால் பாதியில் நிறுத்த வேண்டி வரலாம். வலயக் கல்வி அலுவலகத்துக்கும் கடிதம் கொடுத்து, கதைச் சுருக்கத்தை இணைத்து, எழுத்தில் பதில் வாங்குங்கள். ஏப்ரல், ஆகஸ்ட், டிசம்பர் விடுமுறைகளும் சனி ஞாயிறும்தான் நாட்கள். சனி ஞாயிறில் ரியூசன் இருக்கும் என்பதால் நேர அட்டவணையைப் பெற்றோரிடம் கேட்டே போடுங்கள். பள்ளிக்கூடத்தின் இலச்சினை, சுவரில் எழுதிய மகுடவாக்கியம், நன்கொடையாளர் பெயர்ப்பலகை எல்லாவற்றையும் மறைக்க வேண்டும். கற்பனைப் பெயரில் சொந்த இலச்சினை தைத்து, அந்தப் பெயரில் உண்மையான பள்ளிக்கூடம் எங்கும் இல்லை என்று உறுதிப்படுத்துங்கள். இல்லாவிட்டால் தண்ணீர்த் தாங்கி கொடுத்த உண்மையான நல்ல மனிதர் ஒருவருக்கு அநியாயமாகக் கெட்ட பெயர் வரும்.

ஆள் தேர்வில் உண்மையான பணக்காரப் பிள்ளையைச் சண்டியனாகவும் உண்மையில் கஷ்டப்பட்ட பிள்ளையைச் சீண்டப்படுபவனாகவும் போடாதீர்கள். படப்பிடிப்பு முடிந்தாலும் அந்த உறவு வகுப்பில் தொடரும். எப்போதும் கேலிக்கு ஆளாகும் பிள்ளையை "இயல்பாக வரும்" என்று ரூபனாகப் போடுவது கொடுமை. கவினாக நடிப்பவனுக்கும் பாதுகாப்பு வேண்டும். ஒளிபரப்பான பிறகு தெருவில் அவனைப் பாத்திரத்தின் பெயரால் கூப்பிட்டுத் திட்டுவார்கள். பெற்றோருக்கு இதை முதலே சொல்லிவிடுங்கள். ஒவ்வொரு கடுமையான காட்சி முடிந்ததும் இரண்டு பேரும் இலச்சினையைக் கழற்றிக் கொடுத்து, சொந்தப் பெயரைச் சொல்லிக் கூப்பிட்டு, சேர்ந்து தேத்தண்ணி குடிக்கட்டும். சின்ன விஷயமாகத் தெரியும், ஆனால் பிள்ளை வீட்டுக்குப் போய் நிம்மதியாக நித்திரை கொள்வது இதில் தங்கியிருக்கிறது.

சேட்டைப் பிடிக்கும் காட்சி இருந்தால் பிடிபடுபவன்தான் அசைவைக் கட்டுப்படுத்த வேண்டும். பிடிப்பவன் கையைத் துணியில் வைத்து மூடுவான், இழுக்க மாட்டான். பிடிபட்டவன் இரண்டு கையாலும் அந்த மணிக்கட்டைப் பிடித்து, தானே முன்னுக்கு வருவான். கமராவில் இழுத்தது போலவே தெரியும். தள்ளுவதும் அப்படித்தான்: உள்ளங்கை நெஞ்சில் படும், விழுபவன் தன் காலால் பின்னால் போவான், சட்டத்துக்கு வெளியே மெத்தை இருக்கும். அறைவதற்கு இருவருக்கும் இடையில் குறைந்தது ஓர் அடி இடைவெளி விட்டு, கமராவை ஒருவரின் தோளுக்குப் பின்னால் வைத்து, சத்தத்தை எடிற்றிங்கில் சேருங்கள். "ஒரே ஒருமுறை உண்மையாக அடி" என்று சொல்லும் இயக்குநரிடமிருந்து பிள்ளையைக் கூட்டிக்கொண்டு வீட்டுக்குப் போகலாம்.

சீண்டப்படும் பிள்ளை உயிரை மாய்க்க முயல்வதைக் கதைத் திருப்பமாக வைக்க வேண்டாம். எந்த வழியில் என்று காட்டுவது கட்டாயம் கூடாது. இந்த நாடகத்தைத் தனியே இருந்து பார்க்கும் பிள்ளைகள் இருக்கிறார்கள். தேசிய சிறுவர் பாதுகாப்பு அதிகாரசபையின் 1929 இலக்கத்தை ஒவ்வொரு அத்தியாய முடிவிலும் குறைந்தது ஆறு விநாடி திரையில் நிறுத்தி, குரலிலும் சொல்லுங்கள். எழுத்து மட்டும் ஓடினால் யாரும் வாசிப்பதில்லை.

எடிற்றிங்கில்

அரை மணி நேர ஒளிபரப்பில் விளம்பரம் போக இருபது, இருபத்திரண்டு நிமிடம் கிடைக்கும். அதில் கவின் திரையில் இருப்பது நான்கு நிமிடத்துக்கு மேல் போனால் குறையுங்கள். அவன் இல்லாத காட்சிகளில் அவனைப் பற்றிய பயம் இருக்க வேண்டும். அவனுக்கென்று ஒரு சத்தம் கொடுக்கலாம், உதாரணமாகப் பேனையின் நுனியை அழுத்தி அழுத்தி விடும் சத்தம். முதல் மூன்று அத்தியாயங்களில் அவன் முகத்தோடு சேர்த்து அதைக் கேட்க வையுங்கள். நான்காவதில் முகம் வருவதற்கு இரண்டு விநாடி முன்னால் சத்தம் வரட்டும். அடி வயிற்றை அதிர வைக்கும் இசையை நம்ப வேண்டாம். பெரும்பாலானோர் போனில்தான் பார்க்கிறார்கள், போனின் சின்ன ஒலிபெருக்கியில் 200 ஹேர்ட்ஸுக்குக் கீழே பெரிதாக ஒன்றும் கேட்காது. பேனைச் சத்தம் எந்தப் போனிலும் கேட்கும்.

மிரட்டும் வரி முடிந்ததும் ரூபனின் முகத்துக்கு வெட்டுவது வழக்கம். ஒருமுறை லேஸ் கட்டுபவனுக்கு வெட்டிப் பாருங்கள், நான்கு விநாடி, இசை இல்லாமல். ரூபன் என்ன செய்கிறான் என்று பார்ப்பவர் தேடத் தொடங்குவார். அந்தத் தேடலை உடனே தீர்த்துவிடாதீர்கள்.

முதல் வெட்டு முடிந்ததும் பதினான்கு, பதினைந்து வயதுப் பிள்ளைகள் ஏழெட்டுப் பேரை, படத்தில் சம்பந்தப்படாதவர்களை, கூட்டிவந்து காட்டுங்கள். திரையைப் பார்க்காமல் அவர்களைப் பாருங்கள். எந்த இடத்தில் கதிரையில் சாய்கிறார்களோ அங்கே இறுக்கம் போய்விட்டது, நேரத்தைக் குறித்துக்கொள்ளுங்கள். முடிந்ததும் "பிடித்ததா?" என்று கேட்காமல், "அந்த வகுப்பில் நீ இருந்திருந்தால் எந்த வாங்கில் இருந்திருப்பாய்?" என்று கேளுங்கள். ஒருவரும் ரூபனின் பக்கத்து வாங்கைச் சொல்லாவிட்டால் கடைசி இரண்டு அத்தியாயங்களையும் திரும்ப வெட்ட வேண்டும். பெரும்பாலும் ஆசிரியரின் அறிவுரைக் காட்சியை எடுத்துவிட்டு, மூன்றாமவன் எழும்பி வரும் அந்தப் பத்து விநாடியை முழுதாக விட்டாலே சரியாகிவிடும்.